கர்ப்பவாய்த் தையலும் வத்திராயிருப்புப் பசுவும்

போன வாரம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் பால்கோவா, வாயில் ஒரு கேள்வி. பால்கோவாவை மேஜையில் வைப்பதற்கு முன்பே கேள்வியை வைத்துவிட்டார்கள்.

"யக்கா, அந்தக் காலத்துல தையல் போட்ட பொம்பளைங்க கட்டிலுக்குக் கால்மாட்டுல செங்கல் வச்சுத் தூக்கி விட்டுருப்பீங்களாமே, நெசமா?"

'அந்தக் காலம்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இன்னும் அறுபதாகவில்லை. இடுப்பு எலும்புதான் என்னைக் கேட்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டரில் நின்று நின்று தேய்ந்த எலும்பு அது. அதற்குப் பின்னால் நானும் போகவேண்டியதாயிற்று. ஆள் வீட்டில் இருக்கிறேனே ஒழிய, காலையில் கண் விழித்ததும் கை இன்னும் கையுறையைத் தேடுகிறது.

செங்கல் நிஜம். கால்மாட்டுப் பக்கம் இரண்டு கட்டில் கால்களுக்கும் செங்கல் அடுக்கி, தலை தாழ, கால் உயர, வாரக்கணக்கில் படுக்க வைப்போம். பிள்ளை கீழே வழுக்கி வந்துவிடாமல் இருக்கத்தான். தேவதானத்துக் கொத்தனார் ஒருவர், பெண்டாட்டியைப் பார்க்க வந்தவர், எங்கள் செங்கல்லைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதென்ன சிஸ்டர், வலது கால் எறங்கிக் கெடக்கு. எம் பிள்ளை சாஞ்சுல்லா பொறக்கும்?" மறுநாள் ரசமட்டத்தோடு வந்து, நல்ல சூளைச் செங்கல்லாக மாற்றி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை நேராகத்தான் பிறந்தது. இப்போது செங்கல் இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கிறார்கள். சிலருக்கு உள்ளே வைக்கும் மாத்திரையே போதும் என்கிறார்கள். தையல் வேண்டியவர்களுக்குத் தையல். போட்டதும் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். செங்கல்லுக்காக நான் அழ மாட்டேன்.

ஆனால் அந்தத் தையல் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குப் பேச வேண்டும். பிள்ளைகள் கேட்டது செங்கல்லை. நான் சொல்லப்போவது நூலை.

கர்ப்பப்பைக்கு ஒரு வாய் இருக்கிறது. பிள்ளை முதிரும்வரை இறுக மூடிக்கொண்டு, ரகசியம் காக்கவேண்டிய வாய். சிலருக்கு அந்த வாய் ஐந்தாம் மாதத்திலேயே கொட்டாவி விட்டுவிடும். வலி இருக்காது. முன்னறிவிப்பு இருக்காது. அடிவயிற்றில் ஒரு கனம், காலோடு கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். நல்ல பிள்ளை, குறையில்லாத பிள்ளை, மூச்சு விடத் தெரியாத பருவத்தில் கைக்கு வந்துவிடும். கதவு பலமில்லாததால் வீடு காலியாவது மாதிரி. பொறவு ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லும். குடத்தைத் தூக்கினாள், உச்சி வெயிலில் புளியமரத்தடியில் நின்றாள், புருஷனோடு சண்டை போட்டாள் என்று. அந்த வாயைச் சுற்றி ஒரு நூலை ஓட்டிச் சுருக்கிக் கட்டிவிட்டால் பெரும்பாலும் பிள்ளை தங்கும். ஒன்பதாம் மாதத்தில் நூலை வெட்டி எடுத்துவிட்டால் வழி திறக்கும். கேட்பதற்கு எளிது. கட்டுகிற நேரமும், வெட்டுகிற நேரமும்தான் சூட்சுமம்.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் டாக்டரம்மா. மதுரையில் நர்சிங் படித்தேன். ஹாஸ்டல் சாம்பார், முழங்கை வரை சோப்பு, தூக்கத்தில் நடக்கும் கால்கள் என்று மூன்று வருடம் போயிற்று. அங்கே நூறு விஷயம் படித்தேன், இந்த நூலைப் பற்றி ஒரு பத்தி படித்தேன். ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்கு வந்த பொறவுதான் அந்தப் பத்திக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மாவுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். குள்ளம், வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, வாயில் எந்நேரமும் 'அடியே'க்குப் பதில் ஒரு 'ஏட்டி'. "ஏட்டி ஜெயா, கத்திரி எங்கட்டி?" என்பார் என்னிடம். "ஏட்டி, இது பஞ்சா, இட்லியா?" புதிதாக வந்த நர்ஸ்கள் முதல் நாள் அழுவார்கள். இரண்டாம் வாரத்தில் தெரிந்துகொள்வார்கள், அந்த அம்மாள் திட்டுகிறவரை உலகம் நலம். பயப்பட வேண்டியது மரியாதை வரும்போது. நிலைமை கெடக் கெட அவருடைய குரல் இறங்கும், பேச்சில் 'ங்க' சேரும். வாரத்தில் இரண்டு காலை அவருடைய காரில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குக்குப் போவோம். அவரே ஓட்டுவார். வழியெல்லாம் பஸ்காரர்களை "ஏலே, ரோடு ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தாலே" என்று அர்ச்சனை செய்துகொண்டே போவார். ஒருநாள் வளைவில் லாரி ஒன்று நேர் எதிரே வந்தது. டாக்டரம்மா மிக மெதுவாக, "ஐயா, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு வீட்டாரை எல்லாம் ஒருமுறை நினைத்துக்கொண்டேன். லாரி ஒதுங்கிக்கொண்டது. "பேதில போறவன்" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தையல் தேவைப்படும் குடும்பம் வந்தால் அவர் படம் போட்டுக் காட்ட மாட்டார். மேஜை டிராயரிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுப்பார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். கயிற்றைத் தளர்த்திப் பையைக் கவிழ்ப்பார். பழம் மேஜையில் விழுந்து உருளும். மாமியார்கள் "ஆத்தாடி" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். பிறகு கயிற்றை இழுத்துச் சுருக்கிக் கவிழ்ப்பார். பழம் தொங்கும். "அம்புட்டுதான் வைத்தியம். எலுமிச்சம்பழத்துக்கு என்ன வேணும்? காலம் வேணும். கயிறு அதைக் குடுக்கும்." இவ்வளவு சொன்ன பிறகும் கேள்விகள் வரும். தும்மினால் அறுந்துவிடுமா? பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரலாமா? ஒருத்தி தையல் போட்டுக்கொண்ட பொறவு மாதக்கணக்கில் சிரிக்கவே மறுத்துவிட்டாள். டி.வி.யில் நகைச்சுவைக் காட்சி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளாம். பிள்ளை பிறந்த அன்று வட்டியும் முதலுமாகச் சேர்த்துச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி பயந்து எங்களைக் கூப்பிட்டாள்.

மாரிச்செல்வி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் ஓட்டுகிறவள். கல்யாணம் ஆகி வத்திராயிருப்பு. இரண்டு பிள்ளைகளை ஐந்தாம் மாதத்தில் இழந்திருந்தாள். மூன்றாவது இப்போது வயிற்றில். கூட மாமியார் வெள்ளையம்மாள் வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, ஓங்கிய குரல். சுருக்குப்பைப் பாடம் நடந்தபோது டாக்டரம்மாவின் பையை வாங்கித் திருப்பிப் பார்த்து, "துணி நயம் பத்தாது" என்று சொல்லித் தன் இடுப்பிலிருந்த பையை எடுத்துக் காட்டினார். "இந்தா பாருங்க, பை இப்படில்லா இருக்கணும்." டாக்டரம்மா வாங்கிப் பார்த்து, நல்ல பை என்று ஒப்புக்கொண்டார்.

மாரிச்செல்வி கேட்டது ஒன்றுதான். "டாக்டரம்மா, வலி வந்துருந்தா நான் ஓடியாந்துருப்பேன். ரெண்டு தடவையும் வலியே வரலையே. நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலட்டி. வாய் தாங்கல. ஒம் மேல எந்தத் தப்பும் கெடையாது. எவளாவது கொடம் தூக்குனான்னு சொன்னா எங்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளையம்மாள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். குடம் என்று சொன்னவர் அவர்தான் போலிருக்கிறது.

நாலாம் மாதத் தொடக்கத்தில், ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பைப் பார்த்து, கிருமி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தேதி குறித்தோம். மயக்க டாக்டர் ஸ்கூட்டரில் வந்து முதுகில் ஊசி போட்டுவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். மேலே முழு விழிப்பு. அந்த நேரத்தில் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுப்பது என் வேலை. கீழே நடப்பதைப் பச்சைத் துணித் திரை மறைத்திருக்கும். நான் மட்டும் இரண்டு பக்கமும் பார்ப்பேன். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு நூல்.

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்று ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கை இழுத்து இறக்கினார். நுனியில் வளையம் உள்ள நீண்ட இடுக்கியால் கர்ப்பவாயின் உதட்டைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தார். முன்பக்கம் மூத்திரப்பை ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதை ஊசி தொடக் கூடாது. இரண்டு பக்கவாட்டிலும் ரத்தக்குழாய் ஓடும், அங்கேயும் எட்டிப் பார்க்கக் கூடாது. மற்ற இடத்தில் ஊசி சதைக்குள் முங்கி, கொஞ்ச தூரம் போய், வெளியே தலை நீட்டி, மறுபடி முங்கும். குளத்தில் முங்கு நீச்சல் போடும் பிள்ளை மாதிரி. அப்படிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே சேர்ந்ததும், இரண்டு முனைகளையும் பிடித்து இழுப்பார். அங்கேதான் அவருடைய கால் விரல்கள் மடங்கும். ரொம்ப இழுத்தால் சதை வெளுத்துச் செத்துப்போகும். தளர விட்டால் போட்டதே வீண். விரல் நுனியை வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு இழை இழுத்து, முடிச்சு, அதன் மேல் முடிச்சு. பிறகு, நூலின் வாலை நீளமாக விட்டு, அந்த வாலிலும் ஒரு முடிச்சுப் போடுவார். "ஏட்டி, போடும்போது வெட்டப்போற நாளை நெனச்சுக்கிடணும். பொறவு வாலைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது."

இந்தப் பக்கம் மாரிச்செல்வி கேட்டாள். "சிஸ்டர், என்ன முடிச்சு போடுதாவ?"

"ஏன், ஒங்க மில்லுக்கு வேணுமா?"

"மில்லுல நூல் அறுந்துக்கிட்டே இருக்கும் சிஸ்டர். நான் நடந்துக்கிட்டே ஒட்டி விட்டுக்கிட்டே போவேன். எம்புட்டு ஒட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சூப்பர்வைசர் பொம்பளைகூடச் சொல்லுவா, செல்வி தொட்ட நூல் மறுபடி அறுகாதுன்னு."

"பொறவென்ன? இதுவும் அறுகாது."

"இதை நான் தொடலையே," என்றாள். கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, அவிய கை நல்ல கையா?"

"ஏட்டி," என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, "என் கையைப் பத்தி எங்கிட்டயே கேளு. நல்ல கைதான். இட்லிதான் வராது."

மாதங்கள் போயின. ஐந்தாம் மாதம் வந்தபோது மாரிச்செல்வி மூச்சு விடாமல் இருந்தாள். ஐந்து போய் ஆறு வந்தது. அவள் மூச்சு விட்டாள். ஏழாம் மாதத்தில் வெள்ளையம்மாள் மருமகளோடு ராஜபாளையம் வந்து, டாக்டரம்மா முன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்தார்.

"வளைகாப்புக்கு நாள் பாத்தாச்சு தாயீ. நீங்க கண்டிப்பா வரணும். அதுக்கு முன்னால ஒரு காரியம். வளையல் அடுக்குத அன்னைக்கு ஒடம்புல முடிச்சு இருக்கக் கூடாது, எங்க வீட்டு வழக்கம். சடையைக்கூட அவுத்துத்தான் மறுபடி பின்னுவோம். நீங்க போட்டதை நீங்களே அவுத்துருங்க."

"அவுத்துட்டு?"

"மக்கா நாள் திரும்பப் போட்டுக்கிடுங்க. யாரு வேண்டாங்கா?"

நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க. டாக்டரம்மா திட்டினார். ஜாக்கெட் கொக்கியா இது, அவிழ்த்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்வதற்கு என்று கேட்டார். வெள்ளையம்மாளும் விடவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் பதில் இருந்தது. கடைசியில், "நீங்க மாட்டேன்னா சொல்லிருங்க, நாங்க வேற எடத்துல அவுத்துக்கிடுதோம்" என்றார்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிச் செய்யாதீங்கம்மா" என்றார், மெதுவாக. "செஞ்சீங்கன்னா இந்தப் பிள்ளையும் போயிரும்."

'ங்க' வந்துவிட்டது. என் சிரிப்பு நின்றது. மாரிச்செல்வி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், யாரோ இப்போதே பிடுங்க வருகிற மாதிரி.

"சாமிக்கு ஏதும் நேந்துருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நேராம? மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன். பேரப்பிள்ளை முகத்தைப் பாத்த பொறவுதான் அவுப்பேன்."

"வளைகாப்பு அன்னைக்கு அதை அவுத்துட்டு மக்கா நாள் கட்டுவீங்களோ?"

"நல்லாருக்கு! அது நேத்திக்கடன்லா? நடுவுல அவுத்தா..." வெள்ளையம்மாள் நிறுத்திக்கொண்டார். மருமகளின் வயிற்றைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் வெள்ளையம்மாள், வெற்றிலையை நகர்த்தி வைத்து. "அதுவும் கெடக்கட்டும். ரெண்டையும் ஒண்ணா அவுத்துக்கிடுவோம்."

போகும்போது டாக்டரம்மா அவரை நிறுத்தி, பாடம் ஒப்பிக்க வைத்தார். வலி வந்தாலோ, தண்ணீர் போனாலோ, ரத்தம் பட்டாலோ உடனே வரவேண்டும். தையல் இருக்கும்போது பிரசவ வலி வந்தால், பிள்ளை கீழே முட்டும், நூல் விடாது. வாய் கிழியும், ரத்தம் நிற்காது, தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வெள்ளையம்மாள் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நிஜமாகவே பிசகவில்லை. அன்றைக்கு அவரை நர்சிங் பரீட்சைக்கு அனுப்பியிருந்தால் தேறியிருப்பார்.

ஒன்பதாம் மாதம் வந்தது. தையல் வெட்ட அடுத்த வாரம் நாள் குறித்திருந்தோம். பிள்ளை காத்திருக்கவில்லை.

அன்று காலை வத்திராயிருப்பில் நடந்ததை, அவர்கள் பொறவு ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார்கள். நான் ஒட்டுப்போட்டுச் சொல்கிறேன். பல் விளக்கிக்கொண்டிருந்த மாரிச்செல்விக்கு இடுப்பில் வலி எடுத்தது. வலி! அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாம். முன்னே பின்னே வந்திராத விருந்தாளி. புருஷன் கருப்பசாமி ஆட்டோவுக்குப் போன் போட்டான். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆட்டோ வருவதற்குள் இருந்த இடைவெளியில்தான் வெள்ளையம்மாள் வேலையைத் தொடங்கினார்.

பிள்ளை வலி வந்துவிட்டால் வீட்டில் முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது, பூட்டிய பொருள் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வீடு திறந்திருந்தால் உடம்பும் திறக்கும். டாக்டரம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது என்று நினைத்தார், அவ்வளவுதான். மருமகள் சடையை அவிழ்த்தார். தன் கொண்டையை அவிழ்த்தார். பெட்டிகளைத் திறந்தார், அரிசி டிரம் மூடியை எடுத்தார், விறகுக் கட்டை அவிழ்த்துக் கொட்டினார். கருப்பசாமியை நிற்க வைத்து அரைஞாண் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைத் துணி கட்டி வைத்திருந்த மூட்டையையும் அவிழ்த்துவிட்டார். நேர்ந்து முடிந்த காசை மட்டும் தொடவில்லை. பிறகு தொழுவுக்குப் போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தார்.

நல்ல பசுதான், சாதுதான். ஆனால் காரணம் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டால் எந்தப் பசுவும் கிளம்பத்தான் செய்யும். அது வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அடுத்தவர் தென்னந்தோப்புக்குள் போயிற்று. தோப்புக்காரரோடு அவர்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். "ஏய், ஏய்" என்று வேட்டியைப் பிடித்தபடி கருப்பசாமி பின்னால் ஓடினான். ஆட்டோ வந்து நின்றது. ஆம்பிளை இல்லாமல் எப்படிப் போவது என்று வெள்ளையம்மாள் தோப்பைப் பார்த்து நின்றார். அவனுடைய போன், வீட்டில் கழற்றி மாட்டிய சட்டைப் பையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தோப்புக்குள் மாடு சுற்றியது, அவன் சுற்றினான், வலி சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் மாரிச்செல்விதான் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாளாம். "அத்தே! மாடு வீட்டுக்குத் தானா வரும், அவியளும் தானா வருவாவ. இது நிக்காது! ஏறுங்க!"

ஆட்டோவிலிருந்து எனக்குப் போன் செய்தாள். நாங்கள் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்கில் இருந்தோம். "ராஜபாளையம் வரைக்கும் போகாத, இங்கயே வா" என்றேன். அங்கே தியேட்டர் கிடையாது. முன்னால் நோயாளிகள் உட்காரும் இடம், பின்னால் ஒரு பிரசவக் கட்டில், கழுத்துத் தளர்ந்த ஒரு விளக்கு. ஆயாம்மாவோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர்.

ஆட்டோ வந்து நின்றது. முதலில் தலைவிரி கோலமாக வெள்ளையம்மாள் இறங்கினார். மூட்டை கட்டக் கூடாதாகையால் பிள்ளைத் துணிகளை எல்லாம் இரண்டு கையிலும் அள்ளி வந்திருந்தார். நடக்க நடக்க ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. ரோட்டில் ஒரு குல்லாய், படியில் ஒரு சட்டை. காத்திருந்த நோயாளிகள் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாரிச்செல்வியைக் கட்டிலில் ஏற்றினோம். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஜெயாம்மா," என்றார், "அந்த நீளக் கத்திரியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

கத்திரியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலைமாட்டுக்கு ஓடினேன்.

நூல் விடவில்லை. மாரிச்செல்வி தொடாமலேயே அறுகாத நூல். பிள்ளையின் தலை உள்ளிருந்து முட்ட, வாயின் சதை நூலுக்கு மேல் உப்பிப் பிதுங்கி, முடிச்சை விழுங்கியிருந்தது. நீளமாக விட்ட வால் எங்கோ மடிந்து சதைக்குள் ஒட்டிக் கிடந்தது. ஒரு ஓரம் வெளுத்திருந்தது. அந்த ஓரத்தில்தான் கிழியும். ஆயாம்மா விளக்கைத் தாங்கிப் பிடித்தார். வெளிச்சம் டாக்டரம்மாவின் தலையில் பட்டு, தலையின் நிழல் வேண்டிய இடத்தில் விழுந்தது. இங்கே நகர்த்தினால் அங்கே இருட்டு.

நான் தலைமாட்டில். "முக்காத செல்வி. ஊது. சூடான பாலை ஆத்துத மாதிரி ஊது."

"பாலா?" அவள் பல்லைக் கடித்தாள். "பேசாதீங்க சிஸ்டர். அந்த மாட்டை நான் வந்து... அத்தையை நான் வந்து..."

"திட்டு. நல்லாத் திட்டு. முக்க மட்டும் செய்யாத."

"அவுக்கணுமாம், அவுக்க! இவிய அரைஞாண் கயிறு என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு?" வலி வந்தது. அவள் என் முன்கையைப் பிடித்தாள். மில் கை, விட்டுக்கொடுக்காத கை. ஊதினாள். ஊதினாள். வலி போயிற்று.

ஒவ்வொரு வலிக்கும் நடுவில் டாக்டரம்மாவுக்குக் கிடைத்தது சிறிய அவகாசம். இடுக்கியால் சதையை விலக்கித் தேடுவார். மறுபடி வலி வரும், கையை எடுத்துவிட வேண்டும். நிதானமாகச் சொன்னார், "ஆயாம்மா, விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் பிடிக்கிறீங்களா?" எல்லாருக்கும் மரியாதை. நான் குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். வலியின்போது இறங்கியது, ஏறத் தாமதித்தது. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவரும் என் முகத்திலிருந்து கேட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் வெளியே வெள்ளையம்மாள் சும்மா இல்லை. கிளினிக்கிலும் முடிச்சுகள் இருக்கின்றன அல்லவா? முன்னறையில் ஒரு பாட்டியின் மருந்துப் பையை அவிழ்த்தாராம். ஒரு சிறுமியின் ரிப்பனை உருவினாராம். பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்திருக்கிறார். பிரசவ அறை ஜன்னலுக்குக் கெட்டியான நீலத் திரை, நாலு மூலையும் கம்பியோடு நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்போம். அந்தப் பக்கம் மதில் சுவரும் ஒரு முருங்கை மரமும்தான், ஆள் வராத இடம். ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்ததை நான் பார்த்தேன். ஒரு நாடா அவிழ்ந்தது. இன்னொன்று. என்னால் நகர முடியவில்லை, என் கை மாரிச்செல்வியிடம் இருந்தது.

திரை மொத்தமாகக் கீழே விழுந்தது. முருங்கைக்கு மேலே ஏறியிருந்த காலை வெயில், டாக்டரம்மாவின் இடது தோளைத் தாண்டி, கேட்டு வாங்கியது போல உள்ளே வந்தது.

"யாருங்க அது?" என்றார் டாக்டரம்மா. உடனே, "இருக்கட்டும், இருக்கட்டும், அசையாதீங்க" என்றார்.

சதை மடிப்புக்குள் கறுப்பாக ஒரு நுனி. இடுக்கி அதைப் பிடித்தது. இழுக்க, வால் வந்தது, வாலில் போட்டிருந்த முடிச்சு வந்தது, அதன் பின்னால் பெரிய முடிச்சு ஒரு மணி அளவுக்குத் தலை நீட்டியது. இரண்டு இழையையும் சேர்த்து வெட்டினால் நூல் உள்ளேயே தங்கிவிடும். ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும். கத்திரியின் ஒரு அலகு முடிச்சுக்கு அடியில், சதைக்கும் நூலுக்கும் நடுவில், இடமே இல்லாத இடத்தில் மெல்ல நுழைந்தது. அடுத்த வலி கிளம்புவதை மாரிச்செல்வியின் விரல்கள் எனக்குச் சொல்லின. "வருது டாக்டரம்மா" என்றேன். டாக்டரம்மாவின் கால் விரல்கள் மடங்கின.

நறுக் என்ற சத்தம். சின்னச் சத்தம்.

நூல் முழுசாக, சுருள் சுருளாக வெளியே வந்தது. டாக்டரம்மா அதைத் தட்டில் எறிந்தார்.

"ஏட்டி செல்வி, இப்ப முக்குட்டி! ஏட்டி ஜெயா, மரம் மாதிரி நிக்கிய, துணியை எடுட்டி!"

எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. நேரமில்லை. கட்டி வைத்திருந்த பிள்ளை அவசரப்பட்டது. மாரிச்செல்வி கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு தடவை தன்னை ஏமாற்றிய உடம்பை மொத்தமாகத் திரட்டி முக்கினாள். தலை வந்தது, தோள் வந்தது, வழுக்கிக்கொண்டு மிச்சம் வந்தது. கிழிசல் இல்லை. பெண் பிள்ளை. நீலம் பாரித்து, பேசாமல் கிடந்தது. டாக்டரம்மா குப்புறப் பிடித்து வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். ஜன்னல் கம்பிக்கு வெளியே வெள்ளையம்மாளின் முகம் தெரிந்தது.

பிள்ளை வீறிட்டது. மதில் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

மாரிச்செல்வி கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த பிரசவங்களில் சத்தம் கிடையாது. என் கையை மெதுவாக விட்டாள். உதடு உலர்ந்திருந்தது.

"பக்கத்து ரூம்ல யாருக்கோ பொறந்துருச்சு போல சிஸ்டர்," என்றாள். "நல்லாருக்கட்டும்."

அந்தக் கிளினிக்கில் பக்கத்து ரூம் என்று ஒன்று கிடையாது.